கட்டைவிரலில் தீ, சுண்டுவிரலில் தண்ணீர்

போன மாதம் கவிதா என்ற பெண் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பாடாங் செராய் பக்கம் புதிதாக வந்திருக்கும் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறாளாம். டிரைவர் பரீட்சைக்குப் படிக்கிறாள். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"அங்கிள், பழைய கேள்வித்தாள்ல, பாய்லர்ல தண்ணி கொறஞ்சா என்னென்ன செய்வீங்க, இன் ஆர்டர்னு கேட்டிருக்கான். நான் அஞ்சும் எழுதுனேன். ஆர்டர் மாறிப்போச்சுன்னு எங்க சார் மார்க்கே போடல லா. அஞ்சையும் செய்யத்தானே போறோம், எதை முதல்ல செஞ்சா என்னா?"

அங்கிள் என்று சொன்னதை மன்னித்துவிட்டேன். ஐம்பத்தைந்திலேயே நானாக ஓய்வு வாங்கிக்கொண்டவன். தலைக்கு இன்னும் மை பூசுகிறேன். அவள் கேட்டதற்குக் குரலிலேயே பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேசிப் பேசி அழித்தேன். எங்கள் பாய்லரில் உண்மையாகவே தண்ணீர் குறைந்த அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் குரல் கீச்சென்று போகிறது. எழுத்தில் கீச்சுக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாய்லரைப் பார்த்துக்கொள்பவனுக்கு எங்கள் தொழிலில் டிரைவர் என்று பெயர். நான் அதை ஓர் அங்குலம்கூட ஓட்டியதில்லை. அது இடத்தைவிட்டுக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

ஆர்டர் என்ற சொல் எங்கள் மில்லில் ஓயாமல் புழங்கியது. காலையில் கேண்டீன் அக்கா கேட்பது ஆர்டர்: தே தாரிக்கா, கோப்பி ஓவா. ஆபீஸ் பலகையில் ஒட்டுவது மானேஜர் ஆர்டர். கழிப்பறைக் கதவில் நிரந்தரமாகத் தொங்கியது அவுட் ஆஃப் ஆர்டர். சாமான் கேட்டால் ஸ்டோர்க்காரர் சொல்வது, ஆர்டர் போட்டாச்சு. இத்தனையிலும் ஆளைக் கொல்லக்கூடியது ஒன்றுதான்: எதற்கு அடுத்து எது என்கிற ஆர்டர். அதைப் பற்றி மட்டும் யாரும் பலகையில் ஒட்டவில்லை.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடிந்ததும் மில்லில் நார் தள்ளப் போனேன். செம்பனைப் பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் ஓடும்தான் பாய்லருக்குச் சாப்பாடு. சில வருஷம் தள்ளினேன். பிறகு அடுப்பு முன்னால் நிறுத்தினார்கள். பிறகு பரீட்சை எழுதி, ஒருமுறை தோற்று, மறுமுறை டிரைவர் ஆனேன். என் பயிற்சி வரலாறு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வியர்வை.

எங்கள் எஞ்சினியர் என்சிக் ரம்லி, மலாய்க்காரர். என்சிக் என்றால் ஐயா. என்னைவிட வயதில் சின்னவர். பாலிங்கில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களின் லயங்களை ஒட்டிய மலாய்க் கிராமமான ஒரு கம்பத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்களைத் தமிழில் திட்டவும் தெரியும், திட்டாமலே கண் கலங்கவைக்கவும் தெரியும். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அவசரம் என்றால் வழக்கத்தைவிட மெதுவாக நடப்பார். நடந்துகொண்டே சட்டையின் கைப் பட்டன்களைப் போட்டுக்கொள்வார். அவர் பட்டன் போடுகிறார் என்றால், எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு பழக்கம். நாம் எந்தத் திருகில் கை வைத்தாலும் பக்கத்தில் வந்து கேட்பார்: "இதுக்கு அடுத்து எது?" சொல்லத் தெரியவில்லை என்றால், "அப்ப இதையும் தொடாத." அவ்வளவுதான். போய்விடுவார். நாம் கையை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நிற்போம்.

பாய்லரின் நெற்றியில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அதில்தான் பார்ப்போம். மேலே நீராவிக்கு ஒரு பிடி, கீழே தண்ணீருக்கு ஒரு பிடி, அடியில் வடித்துவிட ஒரு பிடி. நான் டிரைவரான புதிதில், ஒரு காலை நேரம், அந்தக் கண்ணாடி பட்டென்று வெடித்தது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பரீட்சையில் அழகாக எழுதியிருந்தேன். தூரத்தில் நின்று சங்கிலியை இழுத்து மேல் பிடியையும் கீழ்ப் பிடியையும் மூட வேண்டும். நான் செய்தது வேறு. இரும்புப் படிகளில் எத்தனை என் காலில் பட்டன என்று தெரியாது. நினைவு வந்தபோது அவுட் ஆஃப் ஆர்டர் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். பாய்லரே வெடித்தாலும் அந்தத் தகரக் கதவு காப்பாற்றும் என்று எந்த மூளை சொன்னதோ, அந்த மூளையை நான் இன்றுவரை தேடுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே ரம்லியின் குரல்.

"குமாரு, உள்ள இருக்கியா?"

"இல்ல என்சிக்."

"சரி. வெளிய வர்றப்ப சொல்லு. அவசரம் இல்ல."

அதற்குள் அவரே சங்கிலிகளை இழுத்து மூடிவிட்டு வந்திருந்தார். நான் வெளியே வந்ததும் திட்டவில்லை. "ஓடுறது தப்பில்ல. எல்லாருக்கும் கால் இருக்கு. கைக்கு ஒரு ஆர்டர் குடுத்து வச்சிட்டா, கால் ஓடுறதுக்கு முன்னால கை வேலையை முடிச்சிரும்," என்றார். கையை நீட்டச் சொல்லி, தண்ணீர் குறைந்தால் என்ன என்பதை என் விரல்களிலேயே வைத்தார். கட்டைவிரல் தீ: அடுப்புக்குப் போகும் நாரை நிறுத்து. சுட்டுவிரல் காற்று: அடுப்பை ஊதும் விசிறியை நிறுத்து. நடுவிரல் ஆள்: எல்லாரையும் தூரப் போகச் சொல். மோதிரவிரல் நீராவி: இருக்கிறபடியே விடு, சட்டென்று திறக்காதே, சட்டென்று மூடாதே. சுண்டுவிரல் தண்ணீர்: பாய்லர் ஆறும்வரை ஒரு சொட்டுகூட விடாதே.

"மனுஷன் மூணாவதா என்சிக்?"

"தீ எரியிறப்ப மனுஷன எங்க கொண்டுபோவ? ரெண்டு பட்டன்தான். அமுக்கிட்டு ஆளைப் பாரு."

"தண்ணி கொறஞ்சதுக்குத் தண்ணி கடைசியா?"

"கை முதல்ல அதுக்குத்தான் போவும். அதான் அதை இருக்கறதுலயே சின்ன விரலுக்குக் குடுத்தேன்."

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறுகிறதல்லவா, அந்தச் சீறலை ஒரு வீடு அளவுள்ள மூடிய இரும்புப் பெட்டிக்குள் நினைத்துப்பாருங்கள். சீறுவதற்கு இடமில்லாமல் பெட்டியே கிழியும். இதுதான் கவிதாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில். ஆனால் இதைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, இது நடக்கும்போது மேலே நிற்பது வேறு.

அந்த நாளுக்கு முன்னால் என் பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் மில்லின் கோமாளி. புதிதாக வந்த ஆபீஸ் கிராணியிடம், பாய்லர் முன்னால் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு வாரம் கும்பிட வைத்தவன். கேண்டீனில் கடைசிக் கறிபாப் பலகாரத்துக்கு முன்னால் நீளமான வரிசை நின்றபோது, "பாய்லர் ஒரு மாதிரி சத்தம் போடுது, எல்லாரும் வெளிய ஓடுங்க," என்று கத்தினேன். வரிசை கலைந்தது. கறிபாப் கிடைத்தது. சூடாகவும் இருந்தது.

எங்கள் மில்லில் ஆயுத பூசை தீபாவளியைவிடப் பெரிசு. லயத்துக் குடும்பங்களெல்லாம் பாய்லர் கொட்டகைக்குள் வந்துவிடும். பிள்ளைகள், மேளம், சுண்டல் சட்டி, முன்வரிசையில் நாற்காலி போட்டு மானேஜர். பூசை வைப்பவர் தோட்டத்து முனியாண்டி கோயில் பண்டாரம். மற்ற நாளில் எங்கள் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் போடுகிறவர். அவர் ஆரத்தி காட்டும் நேரத்தில் மில் சங்கு ஊத வேண்டும், அதுதான் வழக்கம். சங்கு என்பது நீராவியில் ஊதும் பெரிய விசில். சங்கிலியை இழுப்பது டிரைவரின் உரிமை. அதற்காகவே காலையில் அடுப்பை மூட்டி ஆவி ஏற்றிவிடுவோம். பூசை முடிந்ததும் முதல் லோடு பழத்தை அவிக்கவும் அது உதவும்.

அந்த வருஷம் சங்கிலி என் கையில். பாய்லரின் மேல்தட்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். கீழே விஜயா, என் மனைவி, பூத்தட்டோடு முன்னால் நின்றாள். அடுப்பு எரிகிறது, நார் கன்வேயரில் வந்துகொண்டிருக்கிறது. நான் அவ்வப்போது கண்ணாடியைப் பார்த்தேன். பாதித் தண்ணீர். மறுபடி பார்த்தேன், பாதி. குறையவே இல்லை. சாமி காரியத்துக்குப் பாய்லரே ஒத்துழைக்கிறது என்று நினைத்து, தண்ணீர் ஏற்றும் பம்பை நிறுத்தி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு மேலும் கீழும் சந்தனப் பொட்டு. மூன்று பிடிகளையும் மறைத்து மல்லிகைச் சரம். அடுப்படியில் வேலை செய்யும் சேகரின் கைவண்ணம்.

பண்டாரம் கற்பூரத்தைக் கொளுத்தினார். நான் சங்கிலியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, அவர் தட்டைத் தூக்கக் காத்திருந்தேன். தட்டு உயர்ந்தது. விசில் கேட்டது.

கூட்டம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேல் கூப்பி அரோகரா என்றது. எல்லாரும் என்னைப் பார்த்தபடி கும்பிட்டார்கள். சங்கிலி என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இன்னும் இழுக்கவில்லை.

"அண்ணே, சத்தம் பத்தல. இன்னொரு வாட்டி நல்லா இழு லா," என்று கீழேயிருந்து சேகர் கத்தினான்.

அது மெல்லிய விசில். தண்ணீர் குறைந்தால் தானாகக் கத்துகிற விசில். அதற்கு முன்பும் ஒன்றிரண்டு தடவை காரணமில்லாமல் கத்தியிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தேன். பாதி. விசில் குறைந்தது என்கிறது, கண்ணாடி இருக்கிறது என்கிறது. இரண்டில் ஒன்று பொய். எது என்று என் முதுகுத்தண்டுக்கு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. எரிகிற பாய்லரில் தண்ணீர் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும். இந்தக் கண்ணாடியில் நின்றது துள்ளவில்லை. குத்துவிளக்கில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் நின்றது.

மல்லிகைச் சரத்தைப் பிய்த்தேன். மேல் பிடி மூடியிருந்தது. கீழ்ப் பிடியும் மூடியிருந்தது. துடைக்கும்போது சூட்டில் கண்ணாடி உடையக் கூடாது என்று சேகர் முறைப்படி மூடியிருக்கிறான். திறக்குமுன் வாழைக்கன்று கட்ட யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவன் மூடிய பிடிகளுக்கே பூச்சூட்டிவிட்டான். காலையிலிருந்து நான் பார்த்தது உள்ளே மாட்டிக்கொண்ட பழைய தண்ணீர். வடித்துவிட்டுக் கீழ்ப் பிடியைத் திறந்தேன். ஒன்றும் ஏறவில்லை. வெறும் ஆவி சீறியது. கண்ணாடிக்குக் கீழே எவ்வளவு இறங்கிவிட்டது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வலது கை பம்பு விசைக்குப் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகவே போனது. இடது கையால் அதைப் பிடித்தேன். சந்தையில் திருடனைப் பிடிப்பதுபோல மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்தேன். பிறகு கத்தினேன்.

"வெளிய போங்க. எல்லாரும் வெளிய போங்க."

மேளத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதிப் பேர் சிரித்தார்கள்.

"இன்னிக்கி என்னா அண்ணே, சுண்டலா?" என்றான் சேகர்.

விஜயா பல்லைக் கடித்தபடி, "சாமி காரியத்துல விளையாடாதீங்க," என்றாள். உதட்டைப் பார்த்தே புரிந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் வழக்கம்போல ஓரமாக நின்ற ரம்லியைத் தேடினேன். தொண்டையில் மிச்சம் ஒன்றுமில்லை. கையை உயர்த்திக் கட்டைவிரலை நீட்டினேன். கீழே நின்றவர்கள் பூசை பிரமாதம் என்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மானேஜரும் காட்டினார். சாகப் போகிற கூட்டம் ஒன்று என்னைப் பாராட்டியது.

ரம்லி மட்டும் விரலைத் தூக்கவில்லை. சட்டைக் கைப் பட்டனைப் போட்டார்.

கன்வேயரையும் விசிறியையும் நிறுத்தும் சுவிட்சுப் பெட்டி கீழே இருந்தது. அதன்மேல்தான் சரஸ்வதி படத்தைச் சாய்த்து, வாழைக்கன்று கட்டி, பழத்தட்டு வைத்திருந்தார்கள். ரம்லி கூட்டத்தை விலக்காமல் ஓரமாக நடந்தார். ஒரு பிள்ளை காலில் தட்டியது. அதை இடுப்பில் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நான் மேலே நின்று என் கையை நானே பிடித்தபடி, சீக்கிரம் சீக்கிரம் என்று மனசுக்குள் அவரைத் தமிழிலும் மலாயிலும் திட்டினேன். படத்துக்குப் பின்னால் கையை விட்டார். படம் அசையவில்லை. கன்வேயர் நின்றது. அடுத்து விசிறி நின்றது. அந்தக் கொட்டகையில் விசிறிச் சத்தம் நின்றால் காது அடைத்ததுபோல இருக்கும். மேளக்காரர்கூட ஒரு நொடி திகைத்தார்.

மூன்றாவது விரலுக்கு அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஓடுங்கள் என்றால் ஒற்றை வாசலில் பிள்ளைகள் மிதிபடும். அவர் பண்டாரத்தின் காதில் ஏதோ சொன்னார். பண்டாரம் ஆரத்தித் தட்டை உயர்த்திப் பிடித்தபடி திரும்பினார். வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தூரத்தில் இருந்த எடைமேடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் எங்கள் ஆட்கள் எங்கே நிற்பார்கள்? மேளம் பின்னால் போனது. பிள்ளைகள் போனார்கள். விஜயா என்னை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனாள். மானேஜரும் எழுந்து போனார். யாரும் தள்ளவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான வரிசையை அந்த மில் சம்பள நாளில்கூடக் கண்டதில்லை.

ரம்லி மேலே ஏறி வந்தார்.

"எதைத் தொட்ட?"

"கண்ணாடிய மட்டும்."

"தண்ணி?"

நான் கைகளைக் காட்டினேன். இடது வலதைப் பிடித்திருந்தது.

"நல்லது. அப்படியே புடிச்சிக்க." பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். சங்குச் சங்கிலி இன்னும் சுற்றியிருந்தது. நான் பயந்து ஓர் அடி ஓடியிருந்தால் சங்கு முழுசாக ஊதி, ஆவி சட்டென்று வெளியேறி, உள்ளே அடியில் கிடந்த தண்ணீர் பொங்கிச் சூட்டு இரும்பில் அடித்திருக்கலாம். அவர் குழந்தைக்குக் காப்புக் கழற்றுவதுபோலச் சங்கிலியைக் கழற்றினார். "முள்ளைப் பாத்துச் சத்தமா சொல்லிக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே சேகர் அடுப்புக் கதவைப் பிடித்தபடி நின்றான். முகத்தில் ரத்தமில்லை.

"என்சிக், நான்தான் மூடுனேன். தொடைக்க மூடுனேன். தெறக்க..."

"வாரு. பேச்சு நாளைக்கி."

இரண்டு பேரும் நீள இரும்புக் கோல்களால் தணலை வெளியே வாரினார்கள். நான் மேலே நின்று அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து ஒப்பித்தேன். நார் நின்றாலும் இருக்கிற சூட்டில் முள் ஏறியது. "ஏறுது என்சிக்." வாரும் சத்தம். "இன்னும் ஏறுது என்சிக்." சிவப்புக் கோட்டைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறக்கும், அப்போதும் ஆவி சட்டென்று போகும். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். மொட்டை போடுவதாகவும் நேர்ந்தேன். முடி கொட்டிக்கொண்டிருந்ததால் அதில் நஷ்டம் குறைவு. வெளியே தூரத்தில் மேளம் கேட்டது, மறுபடி மறுபடி அரோகரா கேட்டது. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. முள் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு, என் கண்ணில் வியர்வையா கண்ணீரா என்று தெரியாத நேரத்தில், இறங்கியது.

"எறங்குது," என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

பாய்லர் நன்றாக ஆறிய பிறகு, வேறொரு நாள் திறந்து பார்த்தபோது, மேல் வரிசைக் குழாய்கள் தண்ணீரில்லாமல் காய்ந்து, நீலம் பாரித்து நடுவில் தொய்ந்திருந்தன. ரம்லி என் கையை இழுத்து அவற்றின்மேல் வைத்தார்.

பூசை நாளன்று தணலெல்லாம் சாம்பலான பிறகு, "போய் பண்டாரத்துக்கிட்ட போதும்னு சொல்லு," என்று என்னை எடைமேடைக்கு அனுப்பினார். கூட்டம் அங்கேயே நின்றது. சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தன வாட்டி லா ஆரத்தி காட்டுவாரு," என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார்.

விஜயா என்னைப் பார்த்ததும் வந்தாள். "எங்க போனீங்க? மூஞ்சியெல்லாம் என்னா கரி? ஊரே கும்பிடுது, மேல நின்னு கட்டைவிரல ஆட்டுற வயசா இது?"

அவளைத் தாண்டிப் பண்டாரத்திடம் போனேன். தட்டுக்கு அடியில் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தார். காலடியில் கற்பூரப் பொட்டலங்கள் காலியாகக் கிடந்தன. தட்டில் இப்போது எரிந்தது யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த கடைசிக் கட்டி. குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரம்லி ஒண்ணும் வெவரம் சொல்லல. எல்லாரையும் இங்க கொண்டு வா, நான் ஆள் அனுப்புற வரைக்கும் இந்த நெருப்பு மட்டும் அணையக் கூடாதுன்னாரு. அந்த ஆள் நீதானா, இல்ல இதுவும் உன் விளையாட்டா?"

"நான்தான் சாமி."

என் முகத்தைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். துண்டைப் பிரித்தபோது உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது.

விஜயா அதைப் பார்த்தாள். திரும்பி மில் பக்கம் பார்த்தாள். புகைபோக்கியில் புகை இல்லை.